இரு முனையிலும் ஒரு சிவப்புப் பொட்டு

கணினிக் கேபிளின் இரண்டு முனையிலும் அதை அடித்தவர் பெயரின் முதலெழுத்தை எழுதி ஒட்ட வேண்டும் என்ற விதியைப் பற்றி நீங்கள் முணுமுணுப்பது எனக்குத் தெரியும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் ஸ்டோர் ரூமில் பழைய பெட்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே உங்களில் இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"எப்படி அடிச்சாலும் சுவிட்சே சரி பண்ணிக்கிருது. இதுல பேரு வேற வெட்டணுமாம். சீர்வரிசைப் பாத்திரமா மாப்ள இது?"

"பஞ்சாங்கம் சார் போட்ட ரூலுடா. அவர் போகட்டும், தூக்கிருவோம்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யார் பேசினார்கள் என்று வெளியே எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் தூக்குவதற்கு முன் அந்த விதி எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு தூக்குங்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பஞ்சாங்கம் என்பது எனக்கு வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். எந்த இடத்தில், என்ன வேலை, யார் யார் போனோம், எத்தனை மணிக்கு முடித்தோம், டீ எங்கே குடித்தோம் என்பது வரை. கம்பெனியில் யாருக்காவது ஒரு தேதி தேவைப்பட்டால் என்னிடம்தான் வருவார்கள். பார்க்காமலே சொல்லிவிடுவேன். சரியாகவும் இருக்கும். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. இந்தக் கதையில் அதுதான் முதல் கோளாறு.

உங்களில் பலர் கிராஸ் கேபிளைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். தொண்ணூறுகளில் நாங்கள் அதனோடுதான் வாழ்ந்தோம். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். அவற்றை நிற வரிசைப்படி கனெக்டரில் நுழைத்து, கருவியால் அழுத்தி இறுக்குவதை அன்றும் இன்றும் 'அடிப்பது' என்றே சொல்கிறோம். எட்டில் ஒரு ஜோடி பேசுவதற்கு, ஒரு ஜோடி கேட்பதற்கு. மற்றவை அந்தக் காலத்தில் சும்மா கிடந்தன. கணினி எந்த ஜோடியில் பேசுமோ அதில் ஹப், அதாவது எல்லாக் கணினிகளின் கேபிளும் வந்து சேரும் பெட்டி, கேட்கும். ஆகவே கணினியையும் ஹப்பையும் இணைக்க நேர் கேபிள் போதும். இரண்டு முனையிலும் ஆரஞ்சு முதலில் வரும். ஆனால் ஹப்பையும் ஹப்பையும் இணைத்தால் இரண்டும் ஒரே ஜோடியில் பேசும். யாருமே பேசாத இன்னொரு ஜோடியில் இரண்டும் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். இணைப்பைக் காட்டும் விளக்கு எரியாது. அதற்குத்தான் கிராஸ் கேபிள். ஒரு முனையில் ஆரஞ்சு முதலில், மறுமுனையில் பச்சை முதலில்.

வெளியே பார்த்தால் இரண்டு கேபிளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தவறான இடத்தில் தவறானதைச் செருகிவிட்டு அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட கதைகள் எல்லோரிடமும் இருந்தன. எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிராஸ் கேபிள் என்றால் இரண்டு முனையிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. ஒரு முனையில் மட்டும் வைத்தால் பயனில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்கும் தெரிய வேண்டும். ஆகவே திருப்புளி, கிரிம்பிங் கருவி, கம்பி வரிசையைச் சோதிக்கும் டெஸ்டர் இவற்றோடு எங்கள் எல்லோர் பையிலும் ஒரு நகப்பூச்சுப் பாட்டில் இருக்கும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஃபேன்ஸி ஸ்டோரில் மீசை வைத்த நாலு பேர் நின்று நிறம் பார்த்து வாங்குவோம். கடைக்காரர் கடைசி வரை எங்களை ஒரு மாதிரியாகவே பார்த்தார்.

இந்தப் பொட்டு யோசனை சாந்தாராமுடையது.

சாந்தாராம் என்னைவிட எட்டு வயது இளையவன். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டோடு போனில் பேசினால் எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. அவன் அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர், அப்பா சாயப்பட்டறையில் இருந்தவர். நிறம் என்றால் அவன் கண் தனி. மங்கலான லாட்ஜ் அறையிலும் வெள்ளை ஆரஞ்சுக் கம்பியையும் வெள்ளைப் பழுப்புக் கம்பியையும் தூக்கிப் பார்க்காமல் பிரிப்பான். ஆனால் வாய் ஓயாது. பாட்டுப் பாடுவான், யாரையாவது கிண்டல் செய்வான், ஏணியில் நின்றுகொண்டே கதை சொல்வான். அதனாலேயே முதலாளிக்கு அவன் விளையாட்டுப் பிள்ளை. ஐந்து வருடமாகத் தற்காலிகம் என்றே வைத்திருந்தார்.

இரண்டாயிரத்து இரண்டு, ஆவணி. அந்த மாதம்தான் ஹப்புக்குப் பதிலாக வைக்கிற, தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் சுவிட்ச் முதன்முதலாக எங்கள் கைக்கு வந்தது. சமயநல்லூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இருபத்திரண்டு கணினிகள் கொண்ட ஆய்வகம். அதற்காக வந்த சுவிட்ச். பெட்டியைப் பிரித்ததும் சாந்தாராம் ஒரு நேர் கேபிளையும் ஒரு கிராஸ் கேபிளையும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தான். இரண்டுக்கும் விளக்கு எரிந்தது.

"என்னண்ணே இது, எதைக் குடுத்தாலும் சாப்பிடுது!"

அந்த வாரம் முழுக்க அது எப்படிச் செய்கிறது என்று தேடிப் படித்தேன். கேபிளைச் செருகும் அந்தப் போர்ட் முதலில் சிறிது நேரம் காத்துப் பார்க்கிறது. எதிர்முனையின் துடிப்பு வரவில்லை என்றால் பேசும் ஜோடியையும் கேட்கும் ஜோடியையும் தனக்குள் இடம் மாற்றிக்கொண்டு மறுபடி காத்திருக்கிறது. எதிர்ப்பக்கமும் இதேபோன்ற போர்ட்டாக இருந்தால்? இரண்டும் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டே இருக்குமே? நம் சித்திரை வீதியை ஒட்டிய சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்து, இவர் ஒதுங்க, அவரும் அதே பக்கம் ஒதுங்க, மறுபடி இருவரும் மறுபக்கம் ஒதுங்குவார்களே, அதுபோல. அதற்கும் வழி வைத்திருந்தார்கள். காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் கணக்கில்லாமல் மாறும். ஆகவே எப்படியும் ஒன்று அப்படியே நிற்கும்போது மற்றது ஒதுங்கிவிடும். விளக்கு எரியும்.

இதை நான் விளக்கிச் சொன்னபோது சாந்தாராம், "நல்ல புத்திண்ணே அதுக்கு. நம்ம மேனேஜருக்கு ஒண்ணு வாங்கி மாட்டுங்க" என்றான்.

அந்த ஆய்வகத்தில் கேபிள் வேலைக்கு நாங்கள் இருவரும்தான் போனோம். ஒரே நாளில் முடித்தோம். கடைசியில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தோம். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு பச்சை விளக்கு. டெஸ்டர் பையிலேயே இருந்தது, எடுக்கவில்லை. அதுவரை விளக்குத்தான் எங்களுக்குச் சாட்சி. கேபிள் தவறு என்றால் எரியாது, எரிந்தால் கேபிள் சரி. பத்து வருடம் அப்படித்தான் பார்த்தோம். விளக்கின் குணம் அந்த மாதத்தோடு மாறிவிட்டது என்பது, அந்தச் சுவிட்சைப் பற்றி அத்தனை படித்தும், என் புத்தியில் ஏறவில்லை.

ஒன்றரை வருடத்துக்கு மேல் அந்த ஆய்வகத்திலிருந்து ஒரு புகார் இல்லை.

அடுத்தது இரண்டாயிரத்து நான்கு, பங்குனிக் கடைசி. திருமங்கலத்தில் எங்கள் கம்பெனி ஒரு கிளை திறக்கும் நேரம். அதற்குப் பொறுப்பாளராக ஒருவரைப் போட வேண்டும். சாந்தாராமைப் போடலாமா என்று முதலாளி என்னிடமே இரண்டு முறை கேட்டிருந்தார். "பையன் கெட்டிக்காரன்தான்யா. பொறுப்பு இருக்கா? இந்த வாரம் முடிவு பண்ணிருவேன்" என்றார். சாந்தாராமுக்கும் தெரியும். அந்த வாரம் அவன் பாட்டுப் பாடவில்லை. தற்காலிகம் என்ற சொல் போய்விடும் என்று வீட்டில் சொல்லிவிட்டானாம்.

அந்தப் புதன்கிழமை மாலை கோடை மழை. சமயநல்லூர்ப் பக்கம் பயங்கர இடி. வியாழன் காலை எட்டு மணிக்குப் பாலிடெக்னிக்கிலிருந்து போன். பேசியவர் ஆய்வகப் பொறுப்பாளர் ஸ்டெல்லா மேடம். மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் பள்ளியிலேயே சில காலம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். எதையும் சத்தம் போடாமல் சொல்வார்.

"சார், சுவிட்ச் செத்துப்போச்சு. இன்னைக்குப் பிராக்டிகல். பத்து மணிக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வாரார். நான் பதறலை. நீங்களும் பதறாம, ஆனா உடனே வாங்க."

அதே போன்ற சுவிட்ச் எங்களிடம் இல்லை. சென்னையிலிருந்துதான் வர வேண்டும். ஸ்டோரில் பதினாறு போர்ட் பழைய ஹப் இரண்டு இருந்தன. தூசி தட்டி, இரண்டையும் இணைக்கப் பொட்டு வைத்த ஒரு கிராஸ் கேபிளையும் எடுத்துக்கொண்டு, நானும் சாந்தாராமும் வண்டியில் போனோம். ஒன்பதுக்கு அங்கே. ஹப்புகளை மாட்டி, எல்லாக் கேபிளையும் செருகினோம். பதின்மூன்று விளக்கு எரிந்தது. ஒன்பது எரியவில்லை.

மாணவர்கள் எழுதும் புரோகிராம் எல்லாம் சர்வரில்தான் இருந்தது. விளக்கு எரியாத கணினியில் உட்காருகிறவருக்கு அன்று தேர்வு இல்லை. வராந்தாவில் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் ரெக்கார்ட் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

நான் ஹப்பைத்தான் சந்தேகப்பட்டேன். பழசு, போர்ட் போயிருக்கும் என்று மாற்றி மாற்றிச் செருகினேன். எரிகிற போர்ட்டில் வைத்தாலும் அந்த ஒன்பதும் எரியவில்லை. கணினிகளுக்கும் இடி தாக்கியிருக்குமோ என்று ஒன்றைத் திறக்கப் போனேன். பதினைந்து நிமிடம் இப்படியே போயிற்று. சாந்தாராம் ஹப்புகளை மாட்டிய ரேக்குக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, எரியாத ஒரு கேபிளின் நுனியை வெளிச்சத்தில் பிடித்தான்.

"அண்ணே, பச்சை முன்னாடி நிக்குது."

பக்கத்தில் இருந்ததை எடுத்தான். அதிலும் பச்சை. ஒன்பதிலும் பச்சை. கணினிப் பக்க முனைகளில் ஆரஞ்சு. ஒன்றரை வருடமாக அந்த ஒன்பதும் கிராஸ் கேபிள்களாகவே இருந்திருக்கின்றன. சுவிட்ச் ஒவ்வொரு நாள் காலையும் ஒரு வார்த்தை சொல்லாமல் சரிசெய்துகொண்டிருந்தது. ஹப்புக்கு அந்தக் குணம் கிடையாது.

ஸ்டெல்லா மேடம் கேட்டார்: "எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு முனையை மாத்தி அடிச்சாப் போதும் மேடம். ஒன்பது. ரெண்டு பேர். ஒரு மணி நேரம்."

அவர் மணியைப் பார்த்தார். ஒன்பதரை. "பத்து மணிக்கு முதல்ல வைவாவை வச்சுக்கலாமான்னு எக்ஸ்டர்னல்கிட்ட கேட்கிறேன். பத்தே முக்காலுக்கு எனக்கு இருபத்திரண்டும் வேணும்." போய்விட்டார். அன்று அந்த அறையில் நிதானமாக ஒரு முடிவு எடுத்தவர் அவர் ஒருவர்தான். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை தாமதமானால் நாம் கைகளை வேகப்படுத்தப் பார்ப்போம். அவர் வேலையின் வரிசையை மாற்றினார்.

நான் என்ன செய்தேன்? கருவியைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டேன்: "ரேக் பக்கம் நீதானடா அடிச்ச?"

சாந்தாராம் என்னை நிமிர்ந்து பார்த்தான். கையில் கம்பியைப் பிரித்தபடியே, "அப்படியாண்ணே?" என்றான்.

"ஆமா. நான் கணினிப் பக்கம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அப்போது என் செல்போன் அடித்தது. முதலாளி. பிரின்சிபால் அவருக்குப் போன் செய்திருந்தார். "என்னய்யா அங்க? ஒன்பது கேபிள் தப்புங்கிறாங்க? நாம போட்டதுதானே? யாரு அடிச்சது?"

எதிரில் அவன் உட்கார்ந்திருக்கிறான். நான் சொன்னேன்: "சாந்தாராம் அடிச்சது சார்."

"அவன் இருக்கானா பக்கத்துல? கேளு."

கேட்டேன். சாந்தாராம் கையிலிருந்த கம்பிகளை வரிசைப்படுத்தி முடித்தான். பிறகு, "நானாத்தான் இருக்கும்ணே. முதல்ல இந்த முனையைப் பிடிங்க" என்றான்.

பத்து நாற்பதுக்கு இருபத்திரண்டு விளக்கும் எரிந்தன. அந்த ஒன்பதில் ஆறை அவன் மாற்றி அடித்திருந்தான், நான் மூன்று.

அன்று மாலை வீட்டில் வழக்கம்போல் டைரி எழுத உட்கார்ந்தேன். பழைய வேலை எந்தக் கிழமை என்று குறிப்பிட வேண்டுமே என்று இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு டைரியை எடுத்தேன். என் கையெழுத்தில், நீல மையில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

"காலை ஆபீசில் கிராஸ் கேபிள் 12. பின் பாலிடெக்னிக். கனெக்டர் போதவில்லை, சாந்தாராமை பஸ்ஸில் ஆரப்பாளையம் அனுப்பினேன். இருந்ததை வைத்து ரேக் பக்கம் 9 முடித்து டீ. பின் 13. அவன் வந்து கணினிப் பக்கம் முழுவதும் அடித்தான். 22/22 விளக்கு."

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கத் தேவைப்படவில்லை. கிராஸ் கேபிளை மொத்தமாக அடிக்கும்போது முதலில் எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு முனை, பிறகு எல்லாவற்றுக்கும் பச்சை முனை. அன்று காலை கடைசியாக என் கை பழகியது பச்சை வரிசை. அதே கை சமயநல்லூருக்கு வந்து டீ வரைக்கும் பச்சையாகவே அடித்திருக்கிறது. டீக்குப் பிறகு தானாகத் திருந்தியிருக்கிறது. நிறத்தில் கண் தவறாத ஒருவன் மேல் நிறத் தவற்றைச் சுமத்தியிருக்கிறேன். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

போனை எடுத்து முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். நாளை நேரில் சொல்லலாம் என்று வைத்தேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி வாசலிலேயே யார் மேலோ கோபமாக இருந்தார். இன்று வேண்டாம் என்று வைத்தேன். பதினோரு மணிக்குச் சாந்தாராம் என் மேஜைக்கு வந்தான். வழக்கமில்லாத தயக்கத்தோடு, "அண்ணே, திருமங்கலம் விஷயம்... முதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா நல்லாருக்கும்" என்றான்.

"சொல்றேன்" என்றேன்.

அவன் உடனே போகவில்லை. என் மேஜையில் இருந்த டைரியைப் பார்த்தான். பிறகு, "சரிண்ணே, வாரேன்" என்று போனான்.

சனிக்கிழமை முதலாளி மதியம் வரை கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ஞாயிறு விடுமுறை. எனக்கு நானே நிறையச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனே ஒத்துக்கொண்டானே, ஒன்பது கேபிளுக்காகவா ஒரு பதவியை மறுப்பார்கள், அவசரப்பட்டால் என் பேரும் போகும், அவனுக்கும் உதவ முடியாமல் போகும். இப்படி எத்தனையோ. இவற்றில் எதையும் டைரியில் எழுத முடியவில்லை. எழுதினால் மறுநாள் படிக்க வேண்டியிருக்கும். வரலாறு படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. மன்னர்கள் வென்ற போர்களைக் கல்லில் ஆட்சியாண்டோடு பொறித்தார்கள். தோற்றதைப் பொறித்தவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். படிக்கும்போதெல்லாம் அதைக் கேலி செய்திருக்கிறேன். என் முப்பது வருட டைரிகளில் வெற்றாக இருக்கும் பக்கங்கள் மூன்றுதான். அந்த வெள்ளி, சனி, ஞாயிறு.

திங்கட்கிழமை காலை பழைய டைரியை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குள் போய், பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நீயா?"

"ஆமா சார்."

சிரித்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. "யோவ் பஞ்சாங்கம், இதைப் போய் யாராவது எடுத்துட்டு வருவானா? சும்மா விட்டிருந்தா யாருக்கய்யா தெரியும்?"

"திருமங்கலம்..."

"அது சனிக்கிழமையே ஆச்சு. தெரிஞ்சவரு ஒருத்தரு, சென்னையில வேலை பார்த்தவரு, அவருக்கு லெட்டர் குடுத்துட்டேன். வியாழக்கிழமை வரைக்கும் இவனைத்தான் நினைச்சிருந்தேன். ஒன்பது கேபிளைத் தப்பா அடிச்சவனை நம்பி ஒரு கிளையை எப்படிய்யா குடுக்கிறது?" டைரியை மூடி என் பக்கம் தள்ளினார். "வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கணும் நீ."

தவறு செய்தது நான் என்று தெரிந்த பிறகும் என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் பேர் கெடவே இல்லை. நான் மூன்று நாள் காப்பாற்றியது, போகாத ஒன்றை.

அன்று மாலை சாந்தாராமை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பருத்திப்பால் வண்டியிடம் கூட்டிப்போனேன். தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். ரேக் பக்கம் அடித்தது நான், நீ இல்லை.

அவன் ஊதிக்கொண்டே குடித்தான். "தெரியும்ணே."

"எப்போ?"

"அங்கன ரேக் முன்னாடி உட்கார்ந்தப்பவே. கனெக்டர் வாங்க என்னையப் பஸ் ஏத்தி விட்டீங்க. பஸ்ஸுல நின்னுக்கிட்டே போய், நின்னுக்கிட்டே வந்தேன். திரும்பி வந்தா ரேக் வேலை பூராம் முடிஞ்சிருந்துச்சு. மறக்குமா?"

"அப்புறம் எதுக்குடா ஒத்துக்கிட்ட?"

"மணி ஒம்பதரை. வராந்தா பூராம் பிள்ளைக நிக்குது. நீங்க 'ஞாபகம் இருக்கு'ங்கிறீங்க. நானும் 'ஞாபகம் இருக்கு'ன்னா என்ன ஆகும்? ரெண்டு பேரும் பேசினா லைட்டு எரியாதுண்ணே. யாராச்சும் ஒருத்தன் மாறிக்கிறணும். அன்னைக்கு நான் மாறிக்கிட்டேன். அம்புட்டுத்தான்."

 அவன் தம்ளரை வண்டிக்காரரிடம் நீட்டினான்.

"சாயங்காலம் டைரியைப் பார்ப்பீங்கன்னு தெரியும். பார்த்துட்டுச் சொல்லிருவீங்கன்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை அதுக்குத்தான் உங்க மேஜைக்கு வந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பத்து நிமிடம் கழித்து, "அண்ணே, கிளம்புவோமா, என் பஸ் வந்துருச்சு" என்றான்.

அடுத்த வாரமே முதலாளியிடம் அனுமதி வாங்கி அந்த விதியைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு முனையிலும் அடித்தவர் எழுத்து. விளக்கு எரிந்தாலும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்து. எல்லாரும் திட்டினார்கள். சாந்தாராம் மட்டும் திட்டவில்லை. தன் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுவான்.

சுவிட்சைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது நல்ல சாதனம். இன்று நீங்கள் பொட்டு வைக்க வேண்டியதில்லை, நேரா கிராஸா என்று வாழ்நாளில் ஒருமுறைகூட யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அது பிழையைத் திருத்துவதில்லை, பிழையோடு ஒத்துப்போகிறது. பிழை சுவருக்குள் அப்படியே இருக்கிறது, ஓர் இடி விழும் வரை. எதிர்ப்பக்கம் யாரோ விட்டுக்கொடுத்ததால்தான் நம் விளக்கு எரிகிறதா என்று அவ்வப்போது டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

சாந்தாராம் அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்களோடு இருந்தான். பிறகு வண்டியூரில் தெப்பக்குளத்தைப் பார்த்த மாதிரி சொந்தக் கடை போட்டான். இன்று அவனிடம் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். நன்றாக இருக்கிறான். அதனால் நான் செய்தது சரியாகிவிடவில்லை. அவன் மாறிக்கொண்டான், அவ்வளவுதான்.

என் ஓய்வு விழாவுக்கு வந்திருந்தான். நீங்களும் பார்த்திருப்பீர்கள், முன் வரிசையில் உட்கார்ந்து, நான் பேசும்போது தேதிகளைத் திருத்திக்கொண்டிருந்தாரே, நரைத்த தலை, அவர்தான். சால்வை போட்டு முடித்த பிறகு என் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தைத் திணித்தான். வீட்டுக்கு வந்து பிரித்தேன். சிவப்பு நகப்பூச்சு.

போன் செய்தேன். "என்னடா இது?"

"எது கிராஸுன்னு பின்னாடி வாரவனுக்குத் தெரியணும்லண்ணே" என்று சொல்லிச் சிரித்தான்.

அன்றே இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு டைரியை எடுத்தேன். அந்த மூன்று வெற்றுப் பக்கங்கள் அப்படியே இருந்தன. இப்போது எதையாவது எழுதி நிரப்புவது முறையில்லை. பாட்டிலைத் திறந்து, வெள்ளிக்கிழமைப் பக்கத்தின் மேல் மூலையில் ஒரு பொட்டு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தின் கீழ் மூலையில் இன்னொன்று. காயும் வரை டைரியை மூடாமல் திறந்தே வைத்திருந்தேன்.